வீரய்யா எழுதிக் கொடுத்த சாட்சி

ஆவூர்
9-9-1959

சேசு மரி சூசை துணை.

அன்பு மகன் சந்தியாகுவுக்கு அம்மா எழுதுவது. பெரியநாயகி மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகம், கண்டியில் நீயும் மரியபுஷ்பமும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு இழுப்பு கொஞ்சம் தணிந்திருக்கிறது, ஆனாலும் வயலுக்குப் போகாதே என்றால் கேட்பதில்லை. மழை ஏமாற்றிவிட்டது, கிணற்றுத் தண்ணீரை நம்பிக் கடலை போட்டிருக்கிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. குடியுரிமை மனுவைத் தள்ளிவிட்டார்கள், சண்டைக் காலத்தில் மூன்று வருஷம் நீ இலங்கையில் இல்லாததால் தொடர்ந்து குடியிருந்தவன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், பட்டாளத்துக் காகிதமெல்லாம் போன வருஷக் கலவரத்தில் வீட்டோடு எரிந்துபோனதால் காட்ட ஒன்றுமில்லை, எல்லாம் படித்தேன். அந்த நாட்டுப் பட்டாளத்து உடுப்பைப் போட்டு, எகிப்து வரைக்கும் போய் அவர்கள் லாரியை ஓட்டினவனைப் பார்த்து நீ ஏன் ஊரில் இல்லை என்று கேட்கிறார்களே, இது என்ன நியாயம்? அதைவிடக் கடைசியில், தெம்பில்லை அம்மா, ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதுதான் என்னைச் சும்மா உட்காரவிடவில்லை. உன் சித்தப்பாகூட, "வரட்டுமே மதினி, நம்ம பிள்ளதானே, இங்கிட்டு வந்து பொழைச்சுக்கிறட்டும்" என்றார். நீ வந்தால் எனக்குச் சந்தோஷம் இல்லாமலா போகும்? ஆனால் மரியபுஷ்பம் அங்கேயே பிறந்தவள், பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். நீயாக வந்தால் வாசலில் நின்று கூட்டிக்கொள்வேன், அவர்கள் துரத்தி நீ வருவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாளே உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஏகாம்பரம் என்று ஒரு வக்கீல், பட்டாளத்துக்குப் போய் வந்தவர்களின் பென்ஷன் வழக்கெல்லாம் நடத்துகிறவர். கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "இது தோத்த கேசு இல்லீங்கம்மா. அவரு தானாப் போகலை, சர்க்கார் அனுப்பித்தான் போனாருன்னு காட்டணும். கூட இருந்த ஒருத்தர் சத்தியம் பண்ணிக் குடுக்கணும், ஒரு காகிதமாவது வேணும்" என்றார். அப்போதுதான் எனக்கு பட்டாளத்தில் உன்னோடு ஒரே கம்பெனியில் இருந்த கறம்பக்குடி வீரய்யா ஞாபகம் வந்தது. அடிபட்டு ஊருக்குத் திரும்பிவிட்டான் என்று நீ முன்பு எழுதியிருந்தாய், என்ன அடி என்று எழுதவில்லை.

விசாரித்துப் போனேன். சந்தைத் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. தரையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன், உன் பேரைச் சொன்னதும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டான். "அவன் பேச்சு இங்க வேணாம் ஆத்தா, போயிட்டு வாங்க" என்றான், அவ்வளவுதான். இரண்டாம் தரம் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்றாம் தரம் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். அன்றைக்குத்தான் சொன்னான். லிபியாவில் லாரி கவிழ்ந்தபோது ஓட்டியது நீ, மெதுவாகப் போடா என்று அவன் இரண்டு தரம் சொல்லியும் நீ கேட்கவில்லை, ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் ஊருக்கு வந்த பிறகும் ஒரு வரி நீ எழுதவில்லை. எனக்கு நீ எழுதியதோ, எதிரே வந்த வண்டி மோதிக் கவிழ்ந்தது என்று. சந்தியாகு, அந்தத் தெருவில் எனக்குத் தலை தூக்க முடியவில்லை.

ஆனால் திரும்பி வரவும் இல்லை. "தம்பி, அவன மன்னிக்கச் சொல்லி நான் வரலை. நடந்ததை நடந்தபடி எழுதிக் குடு. எந்த ஊரு, எந்தத் தேதி, யாரு அனுப்புன வண்டி, ஓட்டுனது யாரு, அவன் செஞ்ச தப்பு, எல்லாத்தையும் எழுது. ஒண்ணையும் மறைக்க வேணாம்" என்றேன். சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டு வந்தான். அதில் அவனுடைய டிஸ்சார்ஜ் புத்தகமும் அந்த விபத்தைப் பட்டாளத்தார் விசாரித்த தாளின் நகலும் இருந்தன. தேதி, இடம், லாரி ஓட்டியவன் பேர், நம்பர் எல்லாம் அதில் இருக்கிறது. நீ பட்டாளத்து வேலையாகத்தான் அங்கே இருந்தாய் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று வக்கீல் துள்ளிக் குதித்தார். வீரய்யா கட்டையை ஊன்றிக்கொண்டு புதுக்கோட்டைக்கே வந்து, மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். பஸ் ஏற்றிவிடும்போது உனக்கு ஏதும் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அவன் பிள்ளைகளை அங்கிட்டிருந்து வெரட்டக் கூடாது ஆத்தா, அதுக்குத்தான் வந்தேன்" என்றான்.

சாட்சிப் பத்திரத்தையும் நகலையும் இன்று ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். அந்தத் தாளில் தப்பு உன்மேல் என்றுதான் இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு அதை மறைத்துவிடாதே, அப்படியே உன் வக்கீலிடம் கொடு. அப்பீல் போடக் கெடு அடுத்த மாதக் கடைசியோடு முடிகிறது, ஒரு நாள்கூடத் தள்ளாதே. அந்தக் கோர்ட்டிலும் தள்ளினால் அதற்கு மேலே எங்கே போகலாம் என்று ஏகாம்பரம் ஐயாவிடம் இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன்.

மரியபுஷ்பத்தைத் தைரியமாக இருக்கச் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மாதா உங்கள் நால்வரையும் கைவிடாமல் காக்கட்டும்.

வீரய்யாவின் விலாசம்: சைக்கிள் கடை, சந்தைத் தெரு, கறம்பக்குடி. எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் அவனுக்கு எழுது.

உன் அம்மா
இன்னாசியம்மாள்