இரண்டு பேருக்கும் பூ வைத்துவிட்ட அக்காவுக்கு

அன்புள்ள ஞானம் அக்காவுக்கு,

உன் பிள்ளைகள் கடலில் விழவில்லை. அன்று மாலை பிறை ஊர்ப் படகுத் துறையிலிருந்து பத்து காவான் தோட்டத்துக்குப் போன ஒரு சம்பான் படகில் ஏறி, உயிரோடு கரை இறங்கியிருக்கிறார்கள். அந்தச் சம்பானை ஓட்டிய பாக் லோங் என்ற மலாய்க்காரக் கிழவர் போன வாரம் போலீஸில் வாக்குமூலம் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். அதற்கு முன்பே நானும் பாக் லோங்கை நேரில் பார்த்துக் கேட்டிருந்தேன். இரண்டும் ஒத்துப்போகின்றன.

இதை எப்படி உனக்குச் சொல்வது என்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒரே வழியில், பத்திரிகையில் எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பாய்? "சாப்பிட்டுச்சுங்களாடா?" என்றுதான் முதலில் கேட்டிருப்பாய்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கு நீ யார் என்று தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நான் பத்திரிகை வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் அக்காவும் மச்சான் அருளப்பனும் ரோசலி, அந்தோணி என்ற தங்கள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோவில் திருவிழாவுக்குப் புறப்பட்டார்கள். ரோசலிக்கு நாலு வயது, அந்தோணிக்கு மூன்று. பெரிக் கப்பலில் கடலைத் தாண்டிப் பிறையில் இறங்கியதும் மச்சான் மாட்டு வண்டி பேசப் போனார். அக்கா குடிக்கத் தண்ணீர் வாங்கப் போனாள். பாய் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைத் திரும்பி வந்தபோது காணோம்.

செய்தி கேட்டு நானும் போய்ச் சேர்ந்தேன்; துறை முழுக்கத் தேடினோம். பாலம் கட்டுகிறவர்கள் பிள்ளைத் தலை கேட்கிறார்கள் என்று ஒரு புரளி கிளம்பியது. கடலில் விழுந்திருக்கும் என்றார்கள். போலீஸாரும் கடைசியில் அதைத்தான் எழுதி மூடினார்கள்.

நீ நம்பவில்லை. அடுத்த வருடத் திருவிழாவுக்குத் தனியாகப் போய், அந்தோணிக்காக நேர்ந்துகொண்ட முடிக்குப் பதிலாக உன் முடியைக் கொடுத்துவிட்டு, மொட்டைத் தலையில் முக்காட்டோடு டத்தோ கிராமாட் சாலையில் இருக்கும் நம் வீட்டுக்குத் திரும்பி வந்தாய். கதவைத் திறந்தது நான்தான். நீ நேரே அடுப்படிக்குப் போய் உலை வைத்தாய்.

இனி பாக் லோங்குக்கு வருகிறேன்.

பிறைத் துறையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காசிம் பாயை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர்; பிள்ளைகள் காணாமல் போன கதையை நான் சொல்லிக் கேட்டவர். வயதாகித் துடுப்பை வைத்துவிட்ட பாக் லோங் அந்தக் கடையில் காப்பியோடு உட்கார்ந்து பழைய கதை பேசுவார். அப்படி ஒரு நாள் ஒரு வேடிக்கை சொன்னாராம். அதைக் கேட்டதும் காசிம் பாய் கல்லாவைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பெரி ஏறி நேராக எங்கள் அச்சாபீஸுக்கு வந்துவிட்டார். மறுநாள் நான் அவர் கடையில் இருந்தேன்.

"சொல்லு பாக் லோங், பேப்பர் அண்ணனுக்கும் சொல்லு" என்றார் காசிம் பாய்.

பாக் லோங்குக்குத் துறையில் பழகிய தமிழ் உண்டு. "திருவிழா பார்த்துட்டு எஸ்டேட்காரங்க திரும்பி வந்தாங்க. பெரிய நாளுக்கு அவங்களுக்கு லீவு இல்லை லா, அதான் முன்னாடியே பார்த்துட்டுத் திரும்பிட்டாங்க. சம்பான் நெறைய ஆளு. எல்லாம் தூக்கம். ரெண்டு சின்னப் பொம்பளப் பிள்ளை, சிவப்புப் பாவாடை, கூட்டத்தோட ஏறி என் பக்கத்துல உக்காந்துச்சு. பாதித் தண்ணி வந்ததும் சின்னது எந்திரிச்சு, பாவாடையைத் தூக்கி, நின்னுக்கிட்டே கடல்ல ஒண்ணுக்கு அடிச்சது! ஆம்பளை மாதிரி! நான் ஒருத்தன்தான் பார்த்தேன். வயிறு வலிக்கச் சிரிச்சேன்."

"பொண்ணு எப்படிய்யா நின்னுக்கிட்டு அடிக்கும்? அப்பவே யோசிக்க வேணாமா?" என்றார் காசிம் பாய்.

"குறும்புக்காரப் பிள்ளைன்னு நெனச்சேன். தலையில சடை இருக்கு, பூ இருக்கு, கையில வளையல். அது பையன்னு யார் கண்டா? நீங்க பையனுக்குப் பாவாடை கட்டுவீங்கன்னு எனக்கு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. ரோசலிக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளையும் தொட்டிலிலேயே பறிகொடுத்தவள் நீ. அந்தோணியை மூன்று வயது வரை கத்தரி படாமல் வளர்த்து அன்னம்மாளுக்கு முடி கொடுப்பதாக நேர்ந்துகொண்டாய். கண் படாமல் இருக்க அவனுக்குப் பாவாடை, வளையல். நம் தெருவில் அது யாருக்கும் புதிதில்லை. அவன் ஆண் பிள்ளை என்பது நமக்கெல்லாம் அவ்வளவு தெரிந்த விஷயம்.

போலீஸார் மச்சானிடம் என்ன பிள்ளைகள் என்று கேட்டார்கள். "ஒரு பையன், ஒரு பொண்ணு" என்றார். என்ன உடுப்பு என்றார்கள். "ரெண்டுக்கும் சிவப்புப் புது உடுப்பு" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதையே தமுக்கடித்தார்கள்.

பாக் லோங்கையும் அப்போது விசாரித்திருக்கிறார்கள். "பையனும் பொண்ணும் உன் சம்பான்ல ஏறுச்சான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். நான் ஏத்துனது ரெண்டு பொண்ணு. இல்லாததை எப்படிச் சொல்றது?" என்று சொல்லிவிட்டுக் கிழவர் காப்பியைக் குடிக்காமல் தள்ளி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பையன் உங்க பிள்ளையா?" என்று கேட்டார். அக்கா பிள்ளை என்றேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

அக்கா, இந்த இடத்தில்தான் என் பேனா நிற்கிறது. அந்த முதல் வாரம் முழுக்க நீ ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாய். "ரெண்டு பேருக்கும் பூ வச்சு விட்டேனே, ரெண்டு பேருக்கும் பூ வச்சு விட்டேனே." வந்தவர்கள் அதை ஒப்பாரி என்று நினைத்து உன் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். போலீஸாருக்கு வேண்டியிருந்த ஒரே தகவல் அதுதான். அந்த வீட்டில் உண்மையான சாட்சி சொன்னது நீ ஒருத்திதான். உன்னிடம் யாரும் கேள்வி கேட்கவில்லையே?

ஒரு வாயை மட்டும் நம்பி நான் எதையும் அச்சுக்குக் கொடுப்பதில்லை, உனக்குத் தெரியும். பத்து காவானுக்குப் போனேன். அங்கே தோட்டத்துக் கூலிகளின் பழைய லய வீட்டு வரிசையில் செல்லாயி என்று ஒரு மூதாட்டி மிச்சம். சம்பானிலிருந்து இரண்டு பிள்ளைகளைக் கைபிடித்துக் கூட்டிப்போனதாகப் பாக் லோங் சொன்ன பெண்ணைப் பற்றிக் கேட்டதும், யோசிக்காமல் பெயர் சொன்னாள்.

"வீராயிங்கய்யா. காய்ச்சல்ல பெத்தது எல்லாத்தையும் குடுத்தவ. சம்பான்ல வந்த பிள்ளைங்களை ஆளாளுக்கு அடுத்தவங்க பிள்ளைன்னு நெனச்சுட்டாங்க. எறங்குனா, கேக்க ஆளில்ல. இவ தூக்கிட்டு வந்துட்டா. குளிப்பாட்டுறப்பதான் சின்னது பையன்னு தெரிஞ்சது. என்கிட்ட ஓடியாந்து, 'சாமி குடுத்ததுடி, வாயைத் தொறந்திடாதே'ன்னு கையைப் புடிச்சா."

"தமுக்குச் சத்தம் கேக்கலையா?"

"கேட்டுச்சு. கங்காணி வந்து பையனும் பொண்ணும் எந்த வீட்லயாச்சும் புதுசா இருக்கான்னாரு. வீராயி வீட்ல இருக்கிறது ரெண்டும் பொண்ணுன்னு லயமே சொல்லுச்சு. எனக்குத் தெரியும். அவ மூஞ்சியப் பார்த்துட்டு நானும் வாயத் தொறக்கல. அடுத்த சம்பளம் வாங்குனதும் புருஷனோட கெப்பாலா பத்தாஸ் பக்கம் நெல்லு வயலுக்குப் போயிட்டா."

பிள்ளைகள் அழுதார்களா என்று கேட்டேன். நிருபர் கேட்கும் கேள்வி இல்லை அது. கேட்டுவிட்டேன்.

"பெரியது அம்மா அம்மான்னு அழுதுச்சு. சின்னது காலையில எந்திரிச்சதும் சடை பின்னிப் பூ வைக்கச் சொல்லி ஒரே அடம். வீராயி எங்கேயோ போய்ச் செம்பருத்தி பறிச்சுட்டு வந்து வச்சா."

அந்த அம்மாள்மேல் எனக்குக் கோபம் வர வேண்டும், இல்லையா? வரும் வழியெல்லாம் பார்த்தேன், வரவில்லை. உனக்கு வந்திருக்குமா? இதைக் கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை.

மச்சான் உனக்கு முன்பே போய்விட்டார். வீட்டில் நான் மட்டும். பெரியில் இப்போது மோட்டார் வண்டிகளையே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஆபீஸில் சின்னவர்கள் என்னை ஐயா என்கிறார்கள், கடைத்தெருவில் அண்ணே என்கிறார்கள். தம்பி என்று கூப்பிட ஒருவரும் இல்லை. பிறையிலிருந்து திரும்பிய அன்று, பழக்கதோஷம், வாசலில் நின்று "அக்கா" என்று குரல் கொடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

கல்லறைத் திருநாள் வருகிறது. இறந்தவர்களின் பெயர்களைக் கோவிலில் கேட்டார்கள். உன் பெயரும் மச்சான் பெயரும் கொடுத்தேன். பங்குச் சாமியார் தயங்கி, "பிள்ளைங்க பேரையும் இந்த வருஷமாவது சேர்த்துடலாமே" என்றார். உயிரோடு இருந்தவரை நீ அதற்கு இடம் கொடுக்கவில்லை. "செத்ததுன்னு யார் பார்த்தது?" என்பாய். நானும் அதையே சொல்லிவிட்டு வந்தேன்.

உறுதியானது இவ்வளவுதான். வீராயியும் புருஷனும் கெப்பாலா பத்தாஸில் எங்கே குடியிருந்தார்கள், பிள்ளைகள் வளர்ந்தார்களா, என்ன பெயரில் வளர்ந்தார்கள், இன்று இருக்கிறார்களா, எதுவும் தெரியாது. அங்குள்ள போலீஸார் வயல்காரர்களை விசாரித்து வருகிறார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை பதில் கிடைக்கும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கிறார். அன்று காலை அவர் நேரிலேயே போகிறார். வண்டியில் எனக்கும் ஓர் இடம் கேட்டிருக்கிறேன், சரி என்றார்.

எது கிடைத்தாலும், நல்லதோ கெட்டதோ, முதலில் உன் கல்லறைக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பேன். இரண்டு பேருக்கும் பூ வாங்கி வைத்துக்கொண்டுதான் வண்டி ஏறுவேன்.

உன் கூடப்பிறந்த தம்பி,
சவரிமுத்து