வெடிப்பாக இருக்கும்போதே

என் பாசத்துக்குரிய அண்ணே,

நீ போய் நாலு வருஷம் ஆகுது. உனக்கு எழுத இன்றைக்குத்தான் மனசு வந்தது.

காலை ஷிப்டுக்கு ஜெலாப்பாங் தொழிற்சாலைக்குப் போன நீ, மழைத்தண்ணீர் நிறைந்திருந்த குழியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தாய்; வீடு திரும்பவில்லை. அப்போது நான் காம்பாரில் கட்டடப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு சாலைப் பொறியியலுக்கு மாறிவிட்டேன். ஏன் என்று உனக்குமா சொல்ல வேண்டும்?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு தார்க்கலவை செய்கிறோம். உள்ளே மெல்லிய இரும்பு இழைகள் இருக்கும். சாலையில் முடியளவு வெடிப்பு விட்டதும் மேலே, காந்தத்தால் சூடேற்றும் ஒரு இயந்திரத்தை மெதுவாக இழுத்துப் போவோம். இழைகள் சூடேறும், தார் இளகி, வெடிப்புக்குள் இறங்கி மூடிக்கொள்ளும்.

போன மாதம், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடும் பழைய ரப்பர் தோட்டத்துச் சாலையில், முன்பே போட்டிருந்த இந்தக் கலவையில் செய்து பார்த்தோம். அண்ணியையும் கூட்டிப் போயிருந்தேன். வெடிப்பு மூடியதும் எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணி மட்டும் குனிந்து சாலையைத் தொட்டுப் பார்த்தார்.

"குழி விழுந்தா மூடுமா, மல்லி?"

"மூடாது அண்ணி. வெடிப்பா இருக்கறப்பவே பாத்தாத்தான்."

"அப்ப அவரு விழுந்த குழி?"

"அதுவும் முதல்ல வெடிப்புத்தான். தண்ணி இறங்கி, லோரி ஏறி..."

இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை அங்கேயே சொல்லிவிட்டேன். நீ விழுவதற்கு இரண்டு நாள் முன்பு, வீட்டுக்கு வரும் வழியில் அந்தக் குழியை நான் பார்த்தேன், அண்ணே. விலகி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

அண்ணி கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"நானுந்தான் பாத்தேன். பாசாருக்குக் காய் வாங்கப் போறப்பெல்லாம் விலகித்தான் போனேன் லா. அவரும் தினம் அப்படித்தான் போயிருப்பாரு. அன்னிக்குத் தண்ணி மறைச்சிருச்சு."

சாலையோரத்தில் உட்கார்ந்து, என்னையும் கைபிடித்து உட்காரவைத்தார்.

சோதனை அறிக்கையின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஆள் நடந்து பார்க்காவிட்டால் இந்தச் சாலையிலும் குழி விழும். "இது ஆய்வு இல்ல, எடுத்துரு," என்றார் கூட வேலை செய்பவர். நான் எடுக்கவில்லை. அதைப் படித்த சாலைத்துறை அதிகாரி, "சரி, யாரு பாக்கறது?" என்று கேட்டார்.

அந்த வேலைக்கு இன்னும் ஆள் போடவில்லை. அதுவரை தோட்டச் சாலைக்கு நானே போகிறேன். சனிக்கிழமைகளில் அண்ணியும் குடை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்.

கண்ணில் பட்டதை விட்டு இனி விலகிப் போகமாட்டேன், அண்ணே. நின்று, யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போவேன்.

உன் கூடப் பிறந்தவள்,
மல்லிகா