சுக்கான்வீட்டுக்கு ஆளுண்டா?

கடவுத்துருத்து
4–1–1932

அன்புள்ள காக்கா மைதீன் கனிக்குத் தங்கை ஜமீலா பீவியின் ஸலாம்.

இங்கே நானும் என் ஆடுகளும் சுகம். நீங்களும் மதினியும் மகள் ஜொஹராவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். கந்தூரி முடிந்தது. இந்த வருடமும் நீங்கள் வரவில்லை. கோட்டாறு என்ன, மக்காவுக்கு அப்பாலா இருக்கிறது?

மோதினார் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று, கந்தூரிச் சோறு வாங்க வீட்டுப்பேர்களை விளித்தார். "சுக்கான்வீட்டுக்கு ஆளுண்டா?" என்றதும், ஓலைத் தட்டிக்குப் பின்னாலிருந்து உங்களுக்கும் சேர்த்து நான்தான் "உண்டு!" என்று கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. பேசாமல் இருந்திருந்தால் நம் வீட்டுச் சோறு பக்கிரிகளுக்குப் போயிருக்கும். அடுத்த வருடத்திலிருந்து நம் பேரை விளிக்கவும் மாட்டார்கள். பினாங்குக்குப் போனவனுக்குக்கூட இங்கே பதில் சொல்ல ஒரு வாய் இருக்கிறது. நாம் இந்தத் தீவுக்காரர்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி ஏது?

இன்னொன்று. மேலக்கரை புறம்போக்காம். கயிற்று நாருக்காகத் தேங்காய்த் தொண்டு, மட்டையெல்லாம் அழுகப்போட அந்த இடத்தை யாக்கூப் முதலாளி கேட்டிருக்கிறார். நம் வள்ளங்கள் கரை ஏறுவதும் உம்மாவை அடக்கிய மையவாடியும் அங்கேதான். தாசில்தார் உங்களையும் சாட்சிக்கு அழைப்பாராம். தலைமுறை தலைமுறையாக இங்கேதான் இருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள், போதும்.

உங்கள் அன்புத் தங்கை
ஜமீலா


கோட்டாறு
21–3–1932

அருமைத் தங்கை ஜமீலாவுக்கு,

ஸலாம். மதினி உன்னை விசாரித்தாள்.

விசாரணைக்குப் போய்வந்தேன். ஊரில் பேச்சு வருவதற்கு முன் நானே எழுதுகிறேன். மீன்பாட்டுக் காலத்தில் வந்து குடிசை போட்டுவிட்டுப் போகிறவர்கள் நாங்கள் என்று சொல்லிவிட்டேன். கோபப்படாதே. என் கடைக்குச் சரக்கு தருகிறவர் யாக்கூப் முதலாளி. அவர் கை விரித்தால் நான் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். ஜொஹராவும் வளர்ந்து நிற்கிறாள். சர்க்கார் காகிதத்தில் எழுதினால் நம் ரத்தம் மாறிவிடுமா? நீ அங்கே இருக்கும்வரை நம் வீடு அங்கே இருக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உனக்கு ஒரு சேலை அனுப்பியிருக்கிறேன். பச்சைக் கரை, உனக்குப் பிடிக்கும்.

உன் காக்கா
மைதீன் கனி


கடவுத்துருத்து
2–7–1932

காக்காவுக்கு,

மேலக்கரை முழுக்க முள்வேலி போட்டுவிட்டார்கள். ஆனிக் கடல் பொங்கியபோது ஏற்றிவைக்க இடமில்லாமல் வள்ளங்கள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. தொண்டு நாற்றத்தில் சோறு இறங்கவில்லை.

உம்மாவின் கபுறு வேலிக்கு அந்தப் பக்கம். யாஸீன் ஓதப் போனேன். "ஏட்டி, குடிசைக்காரிக்கு இங்க என்ன சோலி?" என்று காவல்காரன் விரட்டினான். அந்தச் சொல்லை அவன் வாயில் வைத்தது நீங்கள். பெற்றவள் படுத்திருக்கிற மண்ணை விற்றுவிட்டு எனக்குச் சேலை அனுப்புகிறீர்களா? அதை ஆட்டுத் தொழுவத்தில் விரித்திருக்கிறேன்.

என் வயிறு எரிகிறது காக்கா. இதை நான் பொறுக்க மாட்டேன். உங்களுக்கும் ஒருநாள் வலிக்க வேண்டும்.

ஜமீலா


கோட்டாறு
28–11–1932

கண்ணான தங்கச்சிக்கு,

நான் அனுப்பிய மூன்று கடிதங்களுக்கும் நீ பதில் போடவில்லை. போகட்டும், திட்டியாவது எழுது.

ஜொஹராவுக்கு நல்ல இடம் கூடியிருக்கிறது. தேங்காய்ப்பட்டணம் பக்கீர் முகம்மதின் மகன். தங்கமான பையன். ஆனால் என் சாட்சிப் பேச்சு அவர்கள் காதுக்கும் போய்விட்டது. பூர்வீகம் இல்லாத குடும்பத்தில் பெண் எடுப்பதில்லையாம். கந்தூரிக்கு ஒரு ஆளை அனுப்புகிறார்கள். சுக்கான்வீட்டுப் பேரை விளிக்கும்போது ஆளிருக்கிறதா என்று அவர் காதால் கேட்க வேண்டுமாம்.

நான் வந்தால் தோணித்துறையிலேயே ஊர்க்காரர்கள் என் காலை ஒடித்துவிடுவார்கள். உன்னை விட்டால் எனக்கு யார்? 'உண்டு' என்று ஒரே ஒரு சொல், அதுவும் எனக்காக வேண்டாம். நீ தூக்கி வளர்த்த பிள்ளைக்காகச் சொல்லிவிடு.

உன் காக்கா
மைதீன் கனி


கடவுத்துருத்து
20–12–1932

மைதீன் கனி அவர்களுக்கு,

பக்கீர் முகம்மதின் ஆள் வந்திருந்தார். மரியாதையான மனிதர்.

மோதினார் விளித்தார்: "சுக்கான்வீட்டுக்கு ஆளுண்டா?" தட்டிக்குப் பின்னால் பெண்களெல்லாம் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் விளித்தார். கடைசித் தரம் விளித்தபோது அவர் குரலே என்னைக் கெஞ்சியது. அது வாப்பாவின் வீட்டுப்பேர். என்னைக் கட்டிய மாப்பிள்ளை கடலோடு போன பிறகு எனக்கென்று மிஞ்சியதும் அதுதான். இனி எனக்கும் இங்கே விளி கிடையாது. எல்லாம் தெரிந்துதான் நின்றேன். உங்களைக் குத்துவதற்காக, இத்தனை காலம் காத்துவைத்ததை நானே அழித்தேன். வலித்தது. ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நம் சோற்றைப் பக்கிரிகளுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த மனிதர் தட்டிக்கு வெளியே வந்து நின்று கேட்டார்: "மைதீன் கனிக்க வீட்டுல ஆருமில்லியா?"

"அவங்க மீன்பாட்டுக்கு வந்து குடிசை போட்ட ஆளுகளாக்கும். தாசில்தாருக்க முன்னால அவரே சொன்னாரு," என்றேன்.

அவர் நேரே போய்த் தோணி ஏறிவிட்டார்.

ஜொஹரா அழுவாள். என் மடியில் கிடந்த பிள்ளை. மாமி வாய் திறக்கவில்லை என்று அவளிடம் சொல்வீர்கள், சொல்லுங்கள். ஏன் திறக்கவில்லை என்பதையும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

ஜமீலா பீவி