கவிழ்ந்த படகின்பேரில் மைத்துனருக்கு விடுத்த போர் ஓலை

திரு ஓங்குக. திசையானை எட்டும் துதிக்கை தாழ்த்தி நிற்க, கடல் ஏழும் ஏவல் கேட்டுக் காலடியில் கிடக்க, உப்பங்கழிநாட்டு மணிமுடி தரித்து வீற்றிருப்பவரும், நேற்று முற்பகல் ஒன்று நீங்கலாக ஆயுளில் ஒருபோதும் நீரில் மூழ்காதவருமான கோ அலையடக்கி ஓரிக்கோ மகாராசர் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் கீரங்கொற்றன் எழுத்தாணி பிடித்து எழுதியது. கானற்றுறை ஆளும் சிற்றரசரும், பட்டத்தரசியாரின் உடன்பிறந்த இளவலும், ஆதலால் நம் மன்னருக்கு மைத்துனருமாகிய எழினியார் காண்க. தங்கள் துறையில் மீன் பெருகுக. தங்கள் தென்னை காய்க்க. தங்கள் குடி தழைக்க. வாழ்த்து இத்துடன் முடிந்தது.

கடலம்மன் திருவிழாவன்று இருநாட்டு அரசரும் ஆளுக்கொரு சிறு பாய்ப்படகில் தாமே சுக்கான் பிடித்து, துடுப்புத் தொடாமல் கழியைக் கடப்பதும், நடுத்திட்டில் முதலில் கால் வைத்தவருக்கே சந்நிதியில் பரிவட்டம் கட்டுவதும், மற்றவர் அவர் பின்னால் பூக்கூடை சுமந்து நடப்பதும் வழக்கம். இது தாங்கள் அறியாததன்று. பரிவட்டம் கட்டியே பழகிய தலை தங்களுடையது. கூடை சுமந்தே பழகிய நம் மன்னரோ, இவ்வாண்டும் தூக்கினால் குடிகள் தம்மைப் பூக்காரர் என்றே அழைத்துவிடுவர் என்று உறக்கம் கெட்டார். வென்ற படகை வாங்கினால் வெற்றி தானே கூட வரும் எனத் திருவுளங்கொண்டு, தாங்கள் புதுப்படகு கட்டிக்கொண்டபின் கொட்டகையில் கிடந்த பழைய படகை விலைக்குப் பெற்றார். அப்போது தாங்கள் சொல்லியனுப்பிய சொல்லைச் சான்றின்பொருட்டுச் சொன்னபடியே பொறிக்கிறோம்: "அத்தான், மரம், பாய், கயிறு மூணும் ஒண்ணுக்கொண்ணு பழகுனது. ஒண்ண மாத்துனா மூணையும் பாத்து மாத்தணும். மாத்தாம விட்டா இன்னும் நல்லது." இஃது அறிவுரையன்று, கருநாக்கு என்பதை நம் அவையோர் அன்றே ஒருமுகமாகத் தெளிந்தனர்.

இந்நாட்டில் அரச வாகனம் எதுவாயினும் பெரிய அதிகாரிகள் மூவர் ஆளுக்கோர் உறுப்பு அளித்துச் சிறப்பிப்பது மரபு. ஒருவர் அளித்ததன் அளவை மற்றவர் கேட்பதில்லை. கேட்டவர் தாழ்ந்தவர் ஆவார். அம்மரபின்படியே படைத்தலைவர், இந்தக் குச்சியா நம் கோமகனுக்குப் பாய்மரம் என்று கொதித்து, பழைய மரத்தைப் பிடுங்கி மடைப்பள்ளிக்கு விறகாக அனுப்பிவிட்டு, முன்னொரு போரில் பிடித்த பெருங்கலத்தின் பாய்மரத்தை நாட்டினார். குழி சிறிதாயிருந்தமையால் மரத்தின் அடியைச் செதுக்கி இறக்கினர். உச்சியைத் தொடுவது அவமரியாதை என்று விட்டுவிட்டனர். ஆடையறை அதிகாரி, ஒட்டுப்போட்ட பாயைக் கண்டு முகம் சுளித்து, கொலுமண்டப விதானத்தின் அளவுக்குக் குஞ்சம் தொங்கும் பட்டுப்பாய் தைத்தார். யானைக்கொட்டில் அதிகாரி, பாயை ஏற்றி இறக்கப் பட்டத்து யானையைக் கட்டும் வடத்தையே மனமுவந்து ஈந்தார். மூன்றையும் சேர்த்து ஒருமுறை ஏற்றிப் பார்க்க எவரும் முந்தவில்லை. முந்தினால் அளவு கேட்டதாகிவிடும்.

திருவிழா நாளான நேற்று, வடம் மரத்துச்சிக் கப்பியில் நுழைய மறுத்தது. எண்ணெய் பூசி, நாலு வீரர் தொங்கி இழுத்ததில் பாதி நுழைந்து அங்கேயே இறுகிக்கொண்டது. பாய் மேலும் ஏறாமல் கீழும் இறங்காமல் நடுமரத்தில் நிற்க, மிச்சப் பட்டெல்லாம் மன்னரின் திருமுடிமேல் மடிந்து விழுந்தது. அதற்குள்ளிருந்து மன்னர் திசை கேட்டது கரை முழுவதும் கேட்டது. "ராசா முக்காடு போட்டுக்கிட்டுப் போறாருடோய்!" என்று தங்கள் குடிகளில் ஒருவன் கத்தினான், அவன் பெயர் நமக்கு வேண்டும். பட்டத்தரசியார் சிரித்ததாக வந்த செய்தி தனியே விசாரிக்கப்படுகிறது.

நடுக்கழியில் மேல்காற்று பிடித்தது. பாயை அவிழ்த்து இறக்கியிருந்தால் பிழைத்திருக்கலாம்; வடம் விடவில்லை. உச்சி கனத்த மரம் ஒருபக்கம் சாய்ந்தது. படகு மரத்தின் பின்னே போயிற்று. மன்னர் படகின் பின்னே போனார். திட்டை நெருங்கியிருந்த தாங்கள் படகைத் திருப்பிக்கொண்டு வந்து, முகமன் ஒன்றும் கூறாமல், "அத்தான், கிரீடத்த விடுங்க, கையக் குடுங்க! அது போனா இன்னொண்ணு அடிச்சிக்கலாம், நீங்க போனா அக்கா என்னயக் கொன்னுடுவா!" என்று ஊரறியக் கூவி, மன்னரைத் தலைமயிர் பற்றித் தூக்கியது முதற்குற்றம். அதன்பிறகும் ஆற அமரச் சென்று திட்டில் முதலில் கால் வைத்தது இரண்டாங்குற்றம். மன்னரும் உடன் வந்தாராயினும், தங்கள் தோளில் கிடந்தமையால் அவர் கால் தரையில் படவில்லை.

நம் அதிகாரிகள் மூவரும் குற்றமற்றவர். அவரவர் உறுப்பு தனித்தனியே நோக்க மிகச் சிறந்தது. அவற்றை ஏற்க மறுத்து, விற்ற பின்னும் பழைய எசமானுக்கே விசுவாசம் காட்டிய படகுதான் இராசத்துரோகி. அதனை அவ்வாறு பழக்கியவர் தாங்கள். இது மன்னர் பல் கிட்டக் குளிரில் நடுங்கியபடி அளித்த தீர்ப்பு.

ஆகையால் ஆணை: இன்று பொழுது சாயுமுன் பரிவட்டத்தை நம் மன்னர் திருமுன் வைக்க. பூக்கூடையைத் தாங்கள் சுமக்க. தவறின், கானற்றுறைத் தெருக்களில் கழுதை ஏர் பூட்டி உழப்படும். உழுத இடத்தில் எருக்கு விளையும்.

முத்திரை மோதிரம் கழியின் அடியில் கிடப்பதால் மன்னர் தம் பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றினார்.

எழுதப்பட்ட இடம்: தங்கள் அரண்மனை, விருந்தினர் அறை. மறுமொழியைக் கதவைத் தட்டிச் சொன்னாலும் போதும். மன்னர் இப்போது உடுத்தியிருப்பது தங்கள் வேட்டி.