ஒரு இன்ச் உள்ளே விட்டுத் தைத்தவளுக்கு

நீ தைத்துக் கொடுத்த அரக்கு ரவிக்கையை இன்று காலை பிரித்தேன். பக்கவாட்டு நூலை பிளேடால் அறுத்ததும், வெளுக்காத நிறத்தில் முழுசாக ஒரு இன்ச் துணி உள்ளே மடிந்து கிடந்தது. நான் எவ்வளவு பெருத்துப்போவேன் என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது, கிராதகி.

தி.நகர் கடையில் நாம் அடுத்தடுத்த மிஷினில் உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் அரை இன்ச் விடும் இடத்தில் நீ ஒரு இன்ச் விடுவாய். துணி பத்தாமல் போகும் என்று முதலாளி கத்துவார். "ஒடம்பு இன்னா சொல்லிட்டா பெருக்குது?" என்று நீ பாட்டுக்கு வெட்டுவாய்.

அப்படிப்பட்ட நீதான் பெருங்குடியில் வாங்கப் பார்த்த வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டாய். வளையல் வரை விற்று விலைப் பணத்தை ஒரு பைசா குறையாமல் சேர்த்திருந்தாய். அதற்கு மேல் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று தனியாக லட்சக்கணக்கில் வேண்டும் என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பத்திரம் எழுதுகிறவர் சொன்ன அன்றுதான் தெரிந்தது. அதைப் புரட்டுவதற்குள் கெடு முடிந்து வீடும் போயிற்று, கொடுத்த அட்வான்ஸும் போயிற்று. மறுநாள் மிஷினில் உட்கார்ந்து வெகுநேரம் பெடலை மிதிக்காமலே இருந்தாய். "வெலைய மட்டும் பாத்துட்டேன்டி. தையலுக்கு வுடாம வெட்டிட்டேன்" என்றாய். டீ வாங்கி வந்து வைத்தேன். அது ஆறிப்போயிற்று.

அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி. "வூட்டுக்குச் சேக்கறியே, தையலுக்கு எவ்ளோ வுட்டுகீற?" ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் அதையேதான் கேட்டாய். எனக்குக் கோபம் வந்தது. முதலில் நீ எழுந்து உட்காரு என்றேன். நீ எழவே இல்லை.

போன மாதம் மந்தைவெளியில் ஒரு பழைய ஃப்ளாட் அமைந்தது. ஒரே படுக்கையறை, லிஃப்ட் கிடையாது. புரோக்கர் பேசிய விலையை வைத்துக் கணக்குப் போட்டு, பத்திரச் செலவு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தார். நான் அதைப்போல் இரண்டு பங்கு எடுத்து வைத்தேன். "அந்தத் துட்டுல டைல்ஸாவது மாத்தலாம். பேங்க்ல சும்மா தூங்கிக்கினு கீது" என்று என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே இருந்தார். நான் அசையவில்லை.

நேற்று பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார்: "நீங்க பேசின வெல இது. இந்தத் தெருவுக்கு கவர்மென்ட் வச்சிருக்கிற வழிகாட்டி மதிப்பு அதைவிட ஜாஸ்திம்மா. ரெண்டுல எது கூடவோ அதுக்குத்தான் கட்டணும். புரோக்கர் போட்டது பத்தாது."

எங்களுக்கும் இந்த வாரத்தோடு கெடு. உன் பெருங்குடிதான் கண்முன்னால் வந்து நின்றது. அவர் நிதானமாகக் கூட்டி மொத்தத்தைச் சொன்னார். நான் எடுத்து வைத்ததற்குள் அடங்கியது. கொஞ்சம் மிச்சம்கூட இருந்தது. வெளியே வந்து ஜெராக்ஸ் கடை வாசலில் வாய்விட்டு அழுதேன். நிம்மதியில்தான் அழுதேன், ஆனால் நீ இல்லையே என்ற ஆற்றாமையும் அதில் இருந்தது. டைல்ஸ் பேச்சை எடுத்த மனுஷன் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து நீட்டினார்.

இன்று மதியம் பதிவு முடிந்துவிட்டது. படம் எடுக்கக் கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அரக்கு ரவிக்கை எங்கேயும் இறுக்கிப் பிடிக்கவில்லை. அரை இன்ச்தான் பிரித்தேன். மீதி அரை இன்ச்சை உள்ளேயே விட்டுத் தைத்திருக்கிறேன்.