தொட்டவள்தான் சொல்ல வேண்டும்

செப்டம்பர் 1, திங்கள்

மாமாவின் அச்சகத்தில் கழித்துப் போட்ட டைரி இது. பிப்ரவரியில் சில பக்கங்கள் தலைகீழாக இருப்பதால் விலை போகாது. எனக்கு இது போதும். எல்லாரும் படுத்த பிறகு பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

இன்றும் பூல் ஆட்டத்தில் என் பிரேக், அதாவது முதல் அடி, சரியில்லை. முக்கோணமாக அடுக்கிய பந்துகள் நான் அடித்தால் சோம்பலாக நகர்கின்றன. இசைவாணி அடித்தால் நாலு பக்கமும் ஓடுகின்றன. பெங்களூரு தேசியப் போட்டி அக்டோபரில். எங்கள் மாவட்டத்திலிருந்து நாங்கள் இரண்டு பேர்தான். பிளஸ் ஒன்னிலும் ஒரே பெஞ்சு. அவளுடைய அம்மா கருப்பம்மாள், எம். புதுப்பட்டியில் அப்பாவின் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார். நவநீதன் மாமா, மூடிப்போன ஏதோ ஓட்டலிலிருந்து இந்தப் பூல் மேசையை வாங்கி அச்சகத்து மாடியில் போடாமல் இருந்திருந்தால் எங்கள் இருவருக்கும் இந்த விளையாட்டின் பேர்கூடத் தெரிந்திருக்காது.

ஆட்டத்தின் நடுவே என் துப்பட்டா ஒரு பந்தை உரசிவிட்டது. அது ஃபவுல். நான் சொல்லாமல் அடுத்த பந்தை அடித்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

“துப்பட்டா பட்டுச்சுல்ல?”

“பாத்தேல்ல, அப்பவே சொல்ல வேண்டியதுதான?”

“நான் எதுக்குச் சொல்லணும்? தொட்டவதான் சொல்லணும்.” பிறகு தன் சட்டையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். “இந்தா, குத்திக்க. இல்லன்னா பெங்களூருல ஒன் துப்பட்டாவுக்குத் தனியா ஒரு மேட்ச் வைப்பாக.”

செப்டம்பர் 4, வியாழன்

காலை வகுப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கணக்கு டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் ஊரில் வெடிச் சத்தம் கேட்டால் யாரும் “என்ன” என்று கேட்பதில்லை. “எந்தப் பக்கம்” என்றுதான் கேட்பார்கள். இசைவாணி எழுந்து நின்று, “புதுப்பட்டிப் பக்கம்” என்றாள். பையை எடுக்காமலே ஓடினாள்.

எங்கள் கம்பெனிதான். இரண்டு பேர் அங்கேயே போய்விட்டார்கள். இசைவாணியின் அம்மா உயிரோடு ஆஸ்பத்திரியில். உடம்பெல்லாம் வெந்திருக்கிறதாம்.

அப்பா வீட்டுக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அப்பா எங்கே?

செப்டம்பர் 6, சனி

அம்மா தூக்குவாளியில் வழக்கத்தைவிட அதிகமாகச் சோறு வைத்தாள். “பிராக்டிஸுக்குப் போ. மாமா சொல்லுவான்” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மேசை இருக்கும் அறைக்கு அடுத்தது பேப்பர் குடோன். மாமா கதவைத் திறந்தார். உள்ளே காகிதக் கட்டின் மேல் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அவரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது. ஆனால் முதலில் வந்தது சந்தோஷம்தான்.

மதுரைக் கோர்ட்டில் முன்ஜாமீன் மனு போட்டிருக்கிறார்களாம். அது கிடைக்கும்வரை போலீஸ் கையில் அகப்படக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். “நீ எப்பவும் போல வந்து வெளையாடு பாப்பா” என்றார் மாமா. “பெங்களூருக்கு ரெடியாகுற புள்ள திடீர்னு நிப்பாட்டுனாத்தான் சந்தேகம் வரும். ஒன் சாப்பாட்டோட அப்பாவுக்கும் கொண்டாந்துரு.”

ஆக, நான் அடிக்கும் ஒவ்வொரு பந்தும் இனி அப்பாவுக்கான மறைப்பு.

செப்டம்பர் 8, திங்கள்

யாரிடமும் சொல்லக் கூடாது. யாரிடமும். இசைவாணியிடமும்.

செப்டம்பர் 10, புதன்

முனியராஜ் என்று ஒரு போலீஸ்காரர் அச்சகத்துக்குத் தினமும் வருகிறார். மச்சானைப் பற்றி மாமாவிடம் கேட்பார், மாமா தெரியாது என்பார், டீ வரும். குடித்துவிட்டு மாடிக்கு வந்து என் ஆட்டத்தைப் பார்க்கிறார்.

“கறுப்புப் பந்த ஏன் பாப்பா போட மாட்டேங்க?”

“அது கடைசியாத்தான் சார் போடணும். முன்னாடியே விழுந்தா ஆட்டம் போயிரும்.”

“நல்ல கதையா இருக்கே! எங்க ஸ்டேஷன் கேரம் போர்டுல எல்லாரும் மொதல்ல கறுப்பத்தான் போடுவாங்க.”

சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்குப் பின்னால் குடோன் கதவு. உள்ளே அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு இருந்திருப்பார். கியூ குச்சி என் கையில் வழுக்கியது.

செப்டம்பர் 11, வியாழன்

சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பா சொன்னார்: “ஒன் பிரேக் சத்தம் சரியில்ல தாயி. நமுத்த வெடி மாதிரி கேக்கு.”

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டதுபோல நிறுத்தினார். கை சோற்றில் அப்படியே இருந்தது. பிறகு, நான் கேட்காமலே, “அன்னைக்கு முந்துன நாள் மழை” என்றார். “ஈரம் பட்ட மிச்ச வெடிமருந்த அன்னைக்கே அழிச்சிருக்கணும். சீசன் ஆர்டர். மூடி வைங்க, காலையில பாத்துக்கிடலாம்னு நான்தான் சொன்னேன். காலையில கருப்பம்மாதான் தொறந்திருக்கா.”

என்னிடம் ஏன் சொன்னீங்க அப்பா? நான் இதை எங்க கொண்டுபோய் வைக்க?

செப்டம்பர் 13, சனி

இசைவாணி வந்தாள். ஆஸ்பத்திரியில் சித்தி இருக்கிறாளாம். “கொஞ்ச நேரம் பந்தடிச்சுட்டுப் போறேன். இல்லன்னா எனக்குக் கிறுக்குப் பிடிச்சுரும்” என்றாள்.

அவள் வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. குடோன் வாசலில் அப்பாவின் செருப்பு கிடந்தது. கம்பெனியில் மருந்து ரூமுக்குள் யாரும் செருப்போடு போகக் கூடாது; உரசினால் பற்றிக்கொள்ளும். முதலாளியானாலும் வாசலிலேயே கழற்ற வேண்டும். எத்தனையோ வருடத்துப் பழக்கம். ஒளிந்திருக்கிற இடத்திலும் அப்பா வாசலில் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இடது வார் அறுந்து, பச்சை நூலில் தைத்த செருப்பு. கம்பெனியில் எல்லாருக்கும் தெரிந்த செருப்பு.

இசைவாணி அதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“குடோனுக்குள்ள ஒங்க மாமா செருப்புப் போட்டுக்கிட்டுத்தான போவாக?”

“ஆமா... தெரியல.”

அவள் பிரேக் அடித்தாள். கட்டிடமே அதிர்ந்த மாதிரி இருந்தது. எல்லாப் பந்தையும் போட்டு முடித்தாள். கிளம்பும்போது படியில் நின்று கேட்டாள்: “அம்மாவ மதுரையில பிரைவேட்டுக்கு மாத்துறேன்னு ஒங்க மாமா சொல்லிருக்காக. மாத்திருவாகல்ல?”

“மாத்திருவாக.”

அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். அந்த ஆஸ்பத்திரிக்காகத்தான். எனக்குப் புரிந்தது. புரிந்துகொண்டுதான் “மாத்திருவாக” என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இசைவாணி செருப்பைப் பார்த்ததை அப்பாவிடம் சொன்னேன். “பழக்கம் பாப்பா” என்று மட்டும் சொன்னார். செருப்பை உள்ளே எடுத்துக் காகிதக் கட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 17, புதன்

மதுரைக்கு மாற்றவில்லை. மாமாவிடம் கேட்டேன். “வக்கீல் இப்பம் வேண்டாங்காரு. நாமளா போயி மாத்துனா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமாம். நீ வெளையாட்டப் பாரு.”

விளையாட்டைப் பார்த்தேன். ஒரு பந்தும் விழவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

கருப்பம்மாள் இறந்துவிட்டார்.

செப்டம்பர் 20, சனி

பிராக்டிஸுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிணவறை முன்னால் அவர்கள் ஊரே உட்கார்ந்திருந்தது. “ஓனரக் கைது பண்ணாம உடம்ப வாங்க மாட்டோம்” என்று அவளுடைய சித்தப்பா தாசில்தாரிடம் கத்திக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிப்போய்ப் பாதிதான் சத்தம் வந்தது. யாரும் என்னைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அடித்திருப்பார்கள்.

இசைவாணி சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் சுவரோரமாக இருந்தாள். அழவில்லை. பள்ளிக்கூடச் சட்டையே போட்டிருந்தாள்.

“உள்ள ஐஸ்ல வச்சிருக்காக. எங்கம்மாவுக்குக் குளுருனா ஆகாது” என்றாள்.

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“செருப்பப் பாத்தத நான் எங்க சித்தப்பாகிட்ட இன்னும் சொல்லல வல்லி. சொன்னா அம்புட்டுப் பேரும் அங்கன வந்து ஒங்கப்பாவக் கொன்னுருவாக. நான் சொல்லவும் மாட்டேன்.” பிறகு சொன்னாள்: “தொட்டவதான் சொல்லணும்.”

அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை.

வழியெல்லாம் அப்பா பேர் போட்ட காலண்டர்கள் கடைகளில் தொங்கின. அச்சகத்துக்குப் போனேன். அப்பா சாப்பிட்டார். இட்லிக்குச் சட்னி இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார். பசிக்குமில்ல? மனுசனுக்குப் பசிக்கத்தான செய்யும்? அவர்மேல் கோபம்கூட வர மாட்டேங்குது. வந்தா சுலபமா இருக்கும்.

சொன்னால் அப்பா ஜெயிலுக்கு. அம்மா என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டாள். பெங்களூரு போச்சு. சொல்லாவிட்டால் அந்த அம்மா ஐஸில். யாராவது தானாக வந்து கண்டுபிடித்துவிட்டால் நன்றாக இருக்குமே — நான் வாயைத் திறக்காமலே — கடவுளே, பயமா இருக்கு.

செப்டம்பர் 21, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அப்பா சாப்பிட்டுக் கண் அயர்ந்தார். காகிதக் கட்டுக்குப் பின்னாலிருந்து செருப்பை எடுத்தேன். கதவை மெல்லச் சாத்திவிட்டு வாசலில் ஜோடியாக வைத்தேன். அவர் வைக்கிற மாதிரியே.

பிறகு பந்துகளை அடுக்கிக்கொண்டு முனியராஜுக்காகக் காத்திருந்தேன். வந்தார். செருப்பைத் தாண்டி நடந்து, ஜன்னல் திண்டில் உட்கார்ந்தார். பார்க்கவே இல்லை! “பெங்களூருக்கு என்னைக்குப் பாப்பா கிளம்புறீங்க?” என்று கேட்டார். ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி முழுக்க நின்றதில் காலெல்லாம் வலி என்றார். நான் அடித்தேன். பந்து போகவில்லை. மறுபடி அடித்தேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். எழுந்தார். செருப்பைத் தாண்டினார். படியில் இறங்க ஆரம்பித்தார்.

செருப்பை வைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். போதவில்லை.

“சார்.”

“என்ன பாப்பா?”

கியூ குச்சியால் செருப்பைக் காட்டினேன். அவர் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டீ குடித்த முகம் போய் வேறு முகம் வந்தது.

“யாரு செருப்பு?”

“எங்கப்பாது.”

அவர் கதவைத் தட்டினார். உடைக்கவில்லை, தட்டினார். அப்பா திறந்தார். ரொம்ப சாதாரணமாக, “சட்டைய மாத்திக்கிடட்டுமா?” என்று கேட்டார். மாற்றினார். வாசலில் செருப்பைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றார். தான் வைக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். என்னை நிமிர்ந்து பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. குனிந்து போட்டுக்கொண்டு, “தூக்குவாளிய எடுத்துட்டுப் போ தாயி, இங்கனயே கெடக்கு” என்றார்.

செப்டம்பர் 22, திங்கள்

இன்று உடலை வாங்கிக்கொண்டார்கள்.

அம்மா என்னிடம் பேசவில்லை. தட்டை மட்டும் என் முன்னால் தள்ளுகிறாள். மாமா மாடியைப் பூட்டிவிட்டார். “நீ வெளையாண்டது போதும். ஒன் டிக்கெட்டக் கேன்சல் பண்ணியாச்சு. பேரையும் எடுக்கச் சொல்லியாச்சு” என்றார். அவரும் அழுதிருந்தார்.

செப்டம்பர் 25, வியாழன்

நான் செய்தது சரியா? யாராவது சொல்லுங்களேன்.

அக்டோபர் 6, திங்கள்

இசைவாணியின் அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் சனிக்கிழமை முடிந்ததாம். வகுப்பில் பேசிக்கொண்டார்கள். மாவட்டப் பூல் அசோசியேஷன் மேடம் போட்டிக்கு வருகிறாளா என்று அவள் வீட்டுக்கே போய்க் கேட்டாராம். “அவுக அம்மாதான் ஆசையாப் பேரு குடுக்கச் சொன்னா. போயிட்டு வரட்டும்” என்று சித்தி சொல்லியிருக்கிறாள்.

அவளுக்குச் சொந்தமாகக் கியூ கிடையாது. மாமாவின் மேசையில் இருந்ததில்தான் எப்போதும் ஆடினாள். அந்த அறை இப்போது பூட்டு.

என்னுடையது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் விருதுநகர் பஸ் ஏறினேன். உறைக்குள் கியூவை வைத்துக்கொண்டு நின்றே போனேன். கண்டக்டர், “என்ன பாப்பா, நாதஸ்வரமா?” என்றார்.

பெங்களூரு வழியாகப் போகும் மைசூர் எக்ஸ்பிரஸ் நிற்கும் பிளாட்பாரத்தில் மேடத்தோடு இசைவாணி நின்றிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. ரொம்ப மெலிந்திருந்தாள். கியூவை நீட்டினேன். வாங்குவாளா என்று தெரியவில்லை. கை வலிக்க ஆரம்பித்தது.

வாங்கினாள். உறையைத் திறந்து நுனியைத் தடவிப் பார்த்தாள். “டிப்பு தேஞ்சிருக்கே” என்றாள்.

“மாத்த முடியல.”

“பரவால்ல.”

அவ்வளவுதான் பேசினோம். வண்டி வந்துவிட்டது.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று பள்ளிக்குப் போகவிடாமல், ஜெயிலில் மனுப் போட்டு அப்பாவைப் பார்க்க அம்மா என்னையும் கூட்டிப்போனாள். வாயால் கூப்பிடவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு என் முன்னால் நின்றாள், நானும் கிளம்பினேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அப்பா. தாடி முழுக்க நரைத்திருந்தது. அம்மாவிடம் வக்கீலைப் பற்றிப் பேசினார், வீட்டில் இருக்கும் என் குட்டித் தங்கச்சியின் காய்ச்சலைப் பற்றிக் கேட்டார். சத்தம் அதிகம், எல்லாரும் கத்திப் பேசினார்கள். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

“ஒனக்கு இன்னைக்குத்தான மேட்ச்சு?”

“நான் போகலப்பா.”

“யாரு போயிருக்கா?”

“இசைவாணி.”

அப்பா வலையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார். “கருப்பம்மா மக” என்றார். பிறகு:

“குடோனுக்குள்ள ஒரு நாள் கேட்டேன். அவ பிரேக் ஒன்னோடதவிட நல்லாக் கேக்கும் தாயி.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஆமாப்பா” என்றேன்.