மாடியிலிருந்து தொங்கிய ஒயர்

சேலையூர்

அன்புள்ள பத்ரிக்கு,

அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நலம்தான், மனசைக் கேட்காதே. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அப்பா பேரில் வாங்கிக் கொடுத்த பிளக்-இன் ஹைப்ரிட் காரை விற்கப்போகிறேன். ஏன்டா இது என்று கேட்டதற்கு, ஊருக்குள் கரண்டில் ஓடும், தூரம் போக பெட்ரோல் இருக்கிறது, நடுவழியில் நிற்கிற பயமே இல்லை, அதனால்தான் எல்லாரும் வாங்குகிறார்கள் என்றாய். வாங்குகிறவர்கள் வாங்கட்டும். ஆக்லாந்தில் உனக்குச் சொந்த ஷெட், சொந்த பிளக். நம் அபார்ட்மெண்டில் ஸ்கூட்டர் நிறுத்தவே சண்டை, சார்ஜ் பாயிண்ட் போட செக்ரெட்டரி தினகரன் ஒப்பவில்லை. அப்பா உன்னிடம் அதைச் சொன்னார். நீ என்ன சொன்னாய்? சார்ஜ் போடாமல் ஓட்டினால் காலி பேட்டரியைச் சுமந்துகொண்டு பெட்ரோல்தான் குடிக்கும், அப்புறம் இதை வாங்கியதற்கே அர்த்தமில்லை, மாடியிலிருந்து ஒயர் இழுங்கள் என்றாய். உன் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத மனுஷர், பால்கனியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டார்.

போன வாரம் பெய்த மழையில் கீழே தண்ணீர் நின்றுவிட்டது. அதைப் பெருக்கித் தள்ள வந்த எல்லம்மா, அதுதான் வாட்ச்மேன் அன்புவின் மனைவி, ஒயர் நுனியிலிருந்த பிளக் பெட்டி தண்ணீரில் கிடப்பதைப் பார்த்து எடுத்து மேலே வைக்கப் போயிருக்கிறாள். ஷாக் தூக்கி அடித்துவிட்டது. அலறல் கேட்டு நான் மெயினை அணைத்தேன். வலது உள்ளங்கை வெந்துபோயிற்று. தாம்பரம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவள், "காரு வீணாப்பூடும்னுதாம்மா எடுத்தேன், சார ஒண்ணும் சொல்லாதீங்க" என்கிறாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார். அன்றைக்கே உனக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு நீ முதலில் கேட்டது, காருக்கு ஒன்றும் ஆகலையே, வாரண்டி போய்விடுமே என்று. அதோடு போனை வைத்துவிட்டேன் பத்ரி.

சனிக்கிழமை பெருங்களத்தூரிலிருந்து ஒருவர் வண்டி பார்க்க வருகிறார். அப்பா சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். அவர் மனசைக் கலைக்கப் பார்க்காதே.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு குளிரில் வெளியே போகாதே. பகவான் உன்னை நல்லபடி வைக்கட்டும். அன்புவின் நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எல்லம்மாவுக்கு இன்னும் விரல் மடங்கவில்லை, போனை அவன் பிடித்துக்கொள்வான். முதலில் அவளிடம் பேசு, பிறகு என்னிடம் பேசலாம்.

உன் அம்மா,
ஜெயஸ்ரீ